ரிச்சி தெருவில் செய்து வாங்கிய விளக்கு மரம்: டிராக் ரேஸ் பயிற்சிக்கு 8,400 ரூபாய் தகுமா?

சென்ற ஆண்டு சென்னைக்கு அருகே நடந்த ஓர் அமெச்சூர் டிராக் ரேஸில் (இருவர் அடுத்தடுத்த தடங்களில் நேராக ஓடும் 402 மீட்டர் போட்டி) எனக்குக் கொடுத்த நேரச் சீட்டு இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. என் 200 சிசி பைக் 402 மீட்டரை 15.62 நொடியில் கடந்திருந்தது. பக்கத்துத் தடத்தில் ஓடியவருக்கு 15.81 நொடி ஆகியிருந்தது. ஆனால் தோற்றவன் நான். காரணம் அதே சீட்டின் முதல் வரியில் இருந்தது: அவருடைய ரியாக்‌ஷன் டைம் 0.312, என்னுடையது 0.571. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் அவருக்கு 16.122, எனக்கு 16.191. முடிவுக்கோட்டில் அந்த வித்தியாசம் ஏறக்குறைய இரண்டரை மீட்டர். எக்ஸாஸ்டுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் மாதக்கணக்கில் அலைந்து நான் சம்பாதித்த 0.19 நொடியை, கிளட்சை விடுவதற்கு முன்பே முழுதாகத் தொலைத்துவிட்டு, அதற்கு மேலும் கடன் வைத்திருந்தேன்.

அந்தக் கடனைத் தீர்க்கத்தான், தடத்தில் புறப்படச் சைகை தரும் விளக்குகளைப் போலவே இயங்கும் இந்தப் பயிற்சி விளக்கு மரத்தை வாங்கினேன். சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் ஒரு மாடிப்படியின் கீழே பத்துக்குப் பத்து இடத்தில் இயங்கும் சிறு கடையில், கேட்டவர்களுக்கு மட்டும் இதைச் செய்து தருகிறார்கள். விளக்கு மரமும் கைப்பிடியில் மாட்டும் சுவிட்சும் மட்டும் போதும் என்றால் 3,200 ரூபாய்; தரையில் வைக்கும் இரண்டு ஜோடி ஒளிக்கற்றை சென்சார்களும் சேர்ந்தால் 8,400 ரூபாய். நான் இரண்டாவதை வாங்கி, மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நண்பன் ஒருவனுடைய கிடங்கின் முற்றத்தில் வைத்துப் பயன்படுத்தி வருகிறேன். பொதுச் சாலையில் இதை விரித்து வைக்கலாமா என்று ஒரு தம்பி கேட்டார். சாலையில் போட்டி ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, இந்தப் பயிற்சிக்கு முப்பது மீட்டர் சிமென்ட் தரைக்கு மேல் தேவையே இல்லை.

பொருளின் தரத்தைச் சொல்வதற்கு முன், அது எதைப் போலச் செய்ய முயல்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். டிராக் ரேஸில் கொடியசைத்துப் புறப்படச் செய்யும் வழக்கத்தை மாற்றி 1963இல் அமெரிக்காவில் அறிமுகமான விளக்குத் தூணுக்குக் ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்று பெயர் வந்துவிட்டது. மேலே ப்ரீ-ஸ்டேஜ், ஸ்டேஜ் என இரண்டு வரிசை விளக்குகள் இருக்கும்; அவற்றின் கீழே மூன்று ஆரஞ்சு, ஒரு பச்சை, ஒரு சிவப்பு. தரையை ஒட்டிக் குறுக்கே செல்லும் முதல் ஒளிக்கற்றையை முன்சக்கரம் மறைத்தால் ப்ரீ-ஸ்டேஜ் எரியும். அதிலிருந்து 7 அங்குலம், அதாவது ஏறக்குறைய 17.8 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டாவது கற்றையை மறைத்தால் ஸ்டேஜ் எரியும். இருவரும் ஸ்டேஜ் ஆனதும் விளக்குகள் இறங்கத் தொடங்கும். ‘ஃபுல் ட்ரீ’ முறையில் ஆரஞ்சு விளக்குகள் அரை நொடி இடைவெளியில் ஒவ்வொன்றாக எரிந்து, கடைசி ஆரஞ்சுக்கு அரை நொடி கழித்துப் பச்சை வரும். ‘ப்ரோ ட்ரீ’ முறையில் மூன்றும் ஒன்றாக எரிந்து, 0.4 நொடியில் பச்சை வரும்.

இதில் பலருக்கும் புரியாத இடம் ஒன்று உண்டு. எனக்கும் புரியாமல்தான் இருந்தது. ரியாக்‌ஷன் டைம் என்று சீட்டில் அச்சாகும் எண், நம் கை அசைந்த நேரம் அல்ல. பச்சை எரிந்த கணத்திலிருந்து முன்சக்கரம் ஸ்டேஜ் கற்றையை விட்டு முழுவதுமாக வெளியேறும் வரை ஆகும் நேரம்தான் அது. ஆகவே அந்த எண்ணுக்குள் நம் கண்ணும் கையும் எடுத்துக்கொள்ளும் நேரம் ஒன்று, சக்கரம் கற்றையை விட்டு வெளியேற வண்டி ஏறக்குறைய ஓரடி தூரத்தை உருண்டு கடக்கும் நேரம் ஒன்று என இரண்டு நேரங்கள் ஒளிந்திருக்கின்றன. இரண்டாவதற்கு ரோல்-அவுட் என்று பெயர். 402 மீட்டருக்கான கடிகாரமும் சக்கரம் கற்றையை விட்ட பிறகே ஓடத் தொடங்குகிறது. பச்சை எரிந்தபின் ஒருவர் கோட்டிலேயே உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் புறப்பட்டாலும் அவருடைய ஓட்ட நேரம் கெடாது, ஆட்டம்தான் கெடும். கைச்சுவிட்சு மட்டும் உள்ள 3,200 ரூபாய்ப் பெட்டியை நான் பரிந்துரைக்காததற்கு இதுவே காரணம். அது கையை மட்டும் அளக்கிறது. தடம் கையையும் சக்கரத்தையும் சேர்த்து அளக்கிறது.

முதலில் விளக்குகளின் நேரத்தைச் சோதித்தேன். என் கைபேசியில் நொடிக்கு 240 சட்டங்கள் (ஃப்ரேம்கள்) எடுக்கும் ஸ்லோ மோஷன் வசதி இருக்கிறது. ஒரு ஆரஞ்சிலிருந்து அடுத்த ஆரஞ்சுக்கு 120 சட்டங்கள் வர வேண்டும். பத்து முறை எடுத்ததில் பத்து முறையும் 120 வந்தது. ப்ரோ முறையில் ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு 96 வர வேண்டும்; அதுவும் பிசகவில்லை. கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் பயிற்சிச் செயலிகளோடு ஒப்பிட்டால் இந்தப் பெட்டி எங்கோ மேலே நிற்கிறது. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு சட்டத்துக்கே 16 மில்லிநொடிக்கு மேல் போய்விடும். தொட்ட விரலைத் திரை உணர்வதற்கு ஆகும் தாமதம் அதற்கும் மேலே. ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியைக் காட்டும் எண்ணை நம்பிப் பயிற்சி எடுக்கும்போது அது சிறிய பிழை அல்ல.

கைச்சுவிட்சில் ஒரு கோளாறு இருந்தது. சுவிட்சு அழுந்தும்போது தகடு அதிர்வதைத் தவறாக எண்ணிவிடாமல் இருக்க, நிரல் 20 மில்லிநொடி காத்திருந்து உறுதி செய்துகொண்ட பிறகே நேரத்தைப் பதிவு செய்கிறது. ஆகவே திரையில் வரும் ஒவ்வோர் எண்ணும் 20 மில்லிநொடி கூடுதலாக வந்தது. நான் கேட்டதும் கடைக்காரர் தயங்காமல் ஒப்புக்கொண்டார். அதைவிடப் பெரிய குறை வேறு. இரண்டாவது கற்றை மறைந்ததிலிருந்து முதல் ஆரஞ்சு எரிவதற்குள் எப்போதும் மிகச் சரியாக 1.2 நொடிதான் கழிந்தது. ஒரு மணி நேரம் பழகினால் உடம்பு அதை எண்ணக் கற்றுக்கொள்ளும். கண்ணை மூடிக்கொண்டே நான் நல்ல எண்களை எடுக்கத் தொடங்கினேன். பரீட்சைத் தாளை முந்திய இரவே பார்த்துவிட்ட மாணவனின் மகிழ்ச்சிதான் அது. பெட்டியைத் திருப்பி எடுத்துச் சென்று சொன்னபோது, “அண்ணே, அத மாத்தி மாத்தி வர்ற மாதிரி போட்டுத் தரேன், வர்ற சனிக்கிழமை வாங்க” என்றார். சனிக்கிழமை போனேன், இரண்டையும் சரிசெய்து வைத்திருந்தார், காசு வாங்கவில்லை. இப்போது அந்த இடைவெளி ஒவ்வொரு முறையும் மாறுகிறது. புதிதாக வாங்குபவர்கள் இந்த இரண்டு திருத்தங்களும் தங்கள் பெட்டியில் இருக்கின்றனவா என்று கேட்டு வாங்குங்கள்.

கற்றை சென்சார்களைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. இவை கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் இயங்குபவை. காலை எட்டு மணிக்கு ஒழுங்காக வேலை செய்தவை, பதினொரு மணி வெயில் முற்றத்தில் விழுந்ததும் தடுமாறத் தொடங்கின. வண்டியே இல்லாதபோது ஸ்டேஜ் விளக்கு தானாக எரிந்தது. சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு இருப்பதால் ஒளி வாங்கிக்கு (ரிசீவருக்கு) எது தன் ஒளி, எது வெயில் என்று பிரித்தறிய முடியவில்லை. அரையடிக் கறுப்புக் குழாய்த்துண்டை வாங்கியின் முகத்தில் செருகியதும் பிரச்சினை பெருமளவு அடங்கியது. சென்னையில் விற்கும் பொருளுக்குச் சென்னை வெயில் தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்டேன். “நாங்க கடைக்குள்ளயே டெஸ்ட் பண்ணோம்ணே” என்றார். அந்த மாடிப்படியின் கீழே சூரியன் எட்டிப் பார்த்து எத்தனை ஆண்டுகள் ஆயினவோ.

இரண்டாவது சிக்கல் கற்றையின் உயரம். சென்சார்கள் நிற்கும் கால்களை 100 மில்லிமீட்டர் வரை உயர்த்தலாம். எந்த உயரத்தில் வைக்க வேண்டும் என்று உடன் வந்த தாளில் ஒரு சொல் இல்லை. உயரம் கூடினால் கற்றை டயரை விட்டு அலாய் சக்கரத்தின் கம்பிகளுக்கு இடையே புகுந்து, வண்டி உருளும்போது விளக்கு கண் சிமிட்டுகிறது. அதைவிட முக்கியம், உயரம் மாறினால் ரோல்-அவுட்டே மாறிவிடுகிறது. என் முன் டயர் 110/70-17. அதன் விட்டம் ஏறக்குறைய 586 மில்லிமீட்டர். கற்றை தரையிலிருந்து 38 மில்லிமீட்டர், அதாவது ஒன்றரை அங்குல உயரத்தில் சென்றால், அந்த மட்டத்தில் டயரின் குறுக்களவு 29 சென்டிமீட்டர். 60 மில்லிமீட்டர் உயரத்தில் சென்றால் அதே டயர் 35 சென்டிமீட்டருக்கு மேல். பள்ளிக்கூட வட்டக் கணக்குதான். ஆனால் அந்த ஆறு சென்டிமீட்டரைக் கவனிக்காமல் பழகினால், முற்றத்தில் கிடைக்கும் எண்ணுக்கும் தடத்தில் கிடைக்கும் எண்ணுக்கும் உறவே இருக்காது. நான் கால்களை 38 மில்லிமீட்டரில் நிறுத்தி, நகராமல் இருக்க இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டேன்.

இவ்வளவு குறைகளைச் சொன்ன பிறகும் நான் இந்தச் சென்சார்களுக்காகவே 8,400 ரூபாயை நியாயம் என்கிறேன் என்றால், ஸ்டேஜிங் என்பதை இவைதான் எனக்குப் புரியவைத்தன. முன்சக்கரத்தின் முன்விளிம்பு ஸ்டேஜ் கற்றையைத் தொட்டும் தொடாமலும் நிற்பதை ‘ஷாலோ’ என்கிறார்கள். இன்னும் முன்னேறி, சக்கரத்தின் பின்விளிம்பு ப்ரீ-ஸ்டேஜ் கற்றையைத் தாண்டி அந்த மேல் விளக்கு அணைந்துவிடும் நிலையை ‘டீப்’ என்கிறார்கள். என் டயருக்கு ஷாலோவில் உருள வேண்டிய தூரம் 29 சென்டிமீட்டர். ப்ரீ-ஸ்டேஜ் அணைந்த கணத்தில் நின்றால் மீதி 17.8 சென்டிமீட்டர். அரைக் கிளட்சில் என் பைக் இந்தத் தூரத்தை உருண்டு கடக்கும் நேரத்தைப் பெட்டியே தனியாகக் காட்டும்: ஷாலோவில் சராசரியாக 0.36 நொடி, டீப்பில் 0.28 நொடி. விளக்கைப் பார்த்துக் கை விடுபட எனக்கு ஏறக்குறைய 0.22 நொடி ஆகிறது. கண்ணால் பார்த்துக் கையால் செய்யும் வேலைக்கு மனிதர்களுக்குப் பொதுவாக ஆகும் நேரமும் அதை ஒட்டியதே.

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு பழைய நேரச் சீட்டை மீண்டும் பார்த்தேன். 0.22உம் 0.36உம் சேர்ந்தால் 0.58. சீட்டில் இருந்தது 0.571. அதாவது அன்று நான் தூங்கிவிடவில்லை, மெதுவாகவும் இல்லை. போக்குவரத்து சிக்னலில் நிற்பவனைப் போலப் பச்சைக்காகக் காத்திருந்தேன், அவ்வளவுதான். கடைசி ஆரஞ்சைப் பார்த்ததும் கிளட்சை விட்டிருந்தால், ஃபுல் ட்ரீ முறையில் அந்த 0.58இலிருந்து அரை நொடி கழிந்து ரியாக்‌ஷன் டைம் 0.08 ஆகியிருக்கும், ப்ரோ முறையில் 0.18. பக்கத்துத் தடத்துக்காரரைவிட நான் முன்னே புறப்பட்டிருப்பேன். ஆறு மாதம் மனத்தை அரித்த ஒரு தோல்விக்கான விடை, அம்பத்தூரில் ஒரு தார்ப்பாயின் நிழலில் இரண்டு எண்களின் கூட்டலாக வந்து நின்றது.

டீப்பாக நின்றால் ஃபுல் ட்ரீயில் என் எண் ஏறக்குறைய சுழியத்தைத் தொடுகிறது. அதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி எப்போதும் டீப்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். நண்பன்தான் கேட்டான்: “ஏன்டா மச்சான், பதினோரு சென்டிமீட்டர் முன்னால போய் நின்னா அவ்வளவு பெரிய லாபமா?” கணக்குப் போட்டுப் பார்த்தால் இல்லை. டீப்பில் நிற்பதால் ரியாக்‌ஷன் டைமில் 0.08 நொடி குறைகிறது. ஆனால் கடிகாரம் சீக்கிரமே ஓடத் தொடங்கிவிடுவதால் ஓட்ட நேரத்தில் கிட்டத்தட்ட அதே அளவு கூடிவிடுகிறது. உண்மையில் மிச்சமாவது முடிவுக்கோட்டில் அந்தப் பதினோரு சென்டிமீட்டரைக் கடக்கும் நேரம் மட்டுமே. மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் அது 0.003 நொடி. அந்த 0.003க்காக, கை கொஞ்சம் வேகமாக விடுபட்டாலே சக்கரம் பச்சைக்கு முன்பே கற்றையைத் தாண்டிச் சிவப்பு எரிந்து ஓடாமலே தோற்கும் நிலைக்கு நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம். ப்ரீ-ஸ்டேஜ் அணைந்த பிறகும் ஐந்து சென்டிமீட்டர் உருண்டுவிட்ட இரண்டு முறையும் எனக்குச் சிவப்புதான் எரிந்தது.

இருவரும் ஒரே நேரத்தில் புறப்பட்டு முதலில் எல்லையைத் தொடுபவர் வெல்லும் போட்டியில் ஷாலோவே சிறந்தது என்பது இப்போது என் தீர்மானமான கருத்து. அங்கே டீப்பால் மிச்சமாகும் 0.003 நொடி, சிவப்பு எரியும் ஆபத்துக்கு ஈடாகாது. கடிகாரம் தொடங்கும்போது வண்டி ஏற்கெனவே வேகம் எடுத்திருப்பதால் சீட்டில் ஓட்ட நேரமும் குறைவாக வரும். ஒவ்வொருவரும் தம் ஓட்ட நேரத்தை முன்கூட்டியே அறிவித்து, மெதுவான வண்டிக்கு அதற்கேற்ப முன்புறப்பாடு தரப்படும் பிராக்கெட் முறையில் கதை வேறு. அங்கே டீப்பில் நின்றால் கூடும் ஓட்ட நேரத்தையும் சேர்த்தே அறிவித்துவிடலாம். ஆகவே ரியாக்‌ஷன் டைமில் குறையும் 0.08உம் உண்மையான லாபம். கை சற்று மந்தமானவர்களுக்கும், முதல் உதையில் இழுவை குறைந்த ஸ்கூட்டர்களுக்கும் அந்த முறையில் டீப் பொருந்தும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்க முடியாவிட்டால் இரண்டுமே வீண்.

ஒரே இடத்தில் நிற்பதுதான் கடினம் என்பதையும் இந்தச் சென்சார்கள் காட்டிக்கொடுத்தன. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கிளட்சால் வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்தும்போது ஃபோர்க் அமுங்குகிறது. பிரேக்கை விட்டதும் அது நிமிர்ந்து சக்கரத்தை ஒரு விரற்கடை தள்ளிவிடுகிறது. ஸ்டேஜ் எரிந்துவிட்டது என்று நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அது அணைந்திருக்கும், அல்லது ஷாலோ என்று நினைத்த இடம் பாதி டீப்பாகியிருக்கும். இரு கால்களையும் தரையில் ஊன்றி, முன் பிரேக்கைத் தொடாமல், வலது குதிகாலால் தள்ளி நிறுத்துவது எனக்குக் கைகொடுத்தது. ப்ரீ-ஸ்டேஜ் எரிந்ததும் ஒரு மூச்சு நின்று, பிறகு ஸ்டேஜ் சிமிட்டும் முதல் கணத்திலேயே உருளலை நிறுத்துகிறேன். இருபது முறை நின்றால் பதினாறு முறை இரண்டு சென்டிமீட்டருக்குள் நிற்க முடிகிறது. முதல் வாரத்தில் இது பாதிகூட இல்லை. எதிராளி ப்ரீ-ஸ்டேஜ் ஆகும்வரை நாமும் அடுத்த கற்றைக்குள் நுழையாமல் காத்திருக்கும் மரியாதை தடத்தில் உண்டு. இந்தப் பெட்டியில் ஒரே ஒரு தடம்தான் என்பதால் அந்தக் காத்திருப்பின் பதற்றத்தை மட்டும் இதில் பழக முடியாது.

மற்றவை சுருக்கமாக: விளக்குத் தூண் அலுமினியத்தால் ஆனது, உறுதி, பவர் பேங்கிலிருந்து யு.எஸ்.பி. வழியாக ஒரு காலைப்பொழுது முழுவதும் ஓடுகிறது. எல்.இ.டி. விளக்குகள் வெயிலிலும் தெரிகின்றன, ஆரஞ்சு மட்டும் கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறது. சென்சாருக்குப் போகும் ஒயரின் நீளம் ஐந்து மீட்டர். எட்டு மீட்டர் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் தூண் கண்ணுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. ஆர்டர் கொடுத்தால் இரண்டு வாரம் என்பார்கள், மூன்று வாரம் ஆகும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட ஆசைப்பட்டு, அதற்கு முன் ஒருமுறைகூட ஸ்டேஜ் கற்றையைப் பார்த்திராத நண்பர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்கிப் பகிர்ந்துகொள்வது உத்தமம். தனியாளுக்கு இது கொஞ்சம் கனமான செலவுதான்.

போன வாரம் இன்னோர் ஒயருக்காகக் கடைக்குப் போயிருந்தேன். மேசையில் புதிதாக முடித்த இரண்டு பெட்டிகள் இருந்தன. சென்சார்களின் முகத்தில் கறுப்புக் குழாய்த்துண்டுகள் அளவாக வெட்டி ஒட்டப்பட்டிருந்தன. கால்களின் உயரம் குறித்து ஏதாவது எழுதி வைத்தீர்களா என்று கேட்டேன். “நீங்க சொன்னது ஒன்றரை இன்ச்தானே அண்ணே?” என்று கேட்டுக்கொண்டே மார்க்கரை எடுத்தார்.